நசுங்காத நாலு எலுமிச்சம்பழம்

சண்முகவடிவின் கார் எலுமிச்சம்பழங்களை நசுக்க மறுத்தது ஒரு மாசி மாதத்து வெள்ளிக்கிழமையில், ரோட்டடி மாடசாமி கோயில் வாசலில், காலை எட்டேகால் மணிக்கு. நேரம் இவ்வளவு சுத்தமாக எப்படித் தெரியும் என்றால், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற காலை விமானம் அப்போதுதான் தலைக்கு மேல் போயிற்று, பூசாரி சூடம் காட்டிக்கொண்டிருக்கும்போதே வடிவு அண்ணாந்து பார்த்து, ரெண்டு காத்தாடி எஞ்சின், இன்றைக்கு ஆறு நிமிசம் தாமதம் என்று சாமிக்கும் சேர்த்துச் சொன்னாள். மாடசாமி கோபித்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வண்டி வாங்கினால் எங்கள் முத்தாரங்குளத்தில் இதுதான் முறை. நாலு டயருக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும், பூசணிக்காய் சுற்ற வேண்டும், பிறகு வண்டியை எடுக்க வேண்டும். பழங்கள் பொத்தென்று நசுங்குகிற சத்தம் கேட்டால் திருஷ்டி கழிந்தது, வண்டி நம்முடையது. கேட்காவிட்டால் என்ன என்று யாரும் யோசித்ததில்லை, ஏனென்றால் கேட்காமல் இருந்ததில்லை. அன்றைக்கு அந்த இருபது வருசப் பழைய வெள்ளை மாருதி முதல் கியரில் ஒரு குலுக்கு குலுங்கி, பழங்களைப் பார்த்து மனசு வராததுபோல நாலு விரற்கடை மேலே எழும்பி, அப்படியே நின்றது.

ஊருக்கென்று ஒரு குணம் உண்டு. முதல் நாள் வாயைப் பிளக்கும், இரண்டாம் நாள் காரணம் சொல்லும், மூன்றாம் நாள் இதில் எனக்கென்ன பிரயோசனம் என்று கேட்கும். எங்கள் ஊர் கொஞ்சம் சுறுசுறுப்பானது, முதல் இரண்டு நாளையும் அந்தக் காலையிலேயே முடித்துவிட்டது. டயரில் காற்று அதிகம் என்றாள் வடிவின் நாத்தனார் வெயிலுகந்தாள். என் கடையில் அடித்த காற்று அளவான காற்று என்று பஞ்சர் கடைக்காரர் முறைத்தார். பின்னால் எடுத்து முன்னால் விடச் சொன்னார் பூசாரி. பின்னால் போனபோதும் அதே நாலு விரற்கடை. பூசை முடியவில்லை, நசுங்குகிற அன்றைக்கு முடித்துத் தருகிறேன் என்று பூசாரி கதவைச் சாத்திவிட்டார். பழங்களை ஆடு தின்னாமலிருக்க வெயிலுகந்தாள் பழத்துக்கொரு கூடையாக நாலு கூடை கொண்டுவந்து கவிழ்த்தாள், அவள் வீடு கோயிலுக்கு அடுத்த வீடு.

வடிவை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வயது நாற்பத்தாறு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற டிரைவிங் ஸ்கூல் அவளுடையது. மற்ற டிரைவிங் ஸ்கூல்களில் சாலை விதிப் படங்கள் தொங்கும், அவளுடையதில் பந்தயக் கார்களும் போர் விமானங்களும் தொங்கும், சாலை விதிகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். எந்தக் கார் எத்தனை விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகம் பிடிக்கும், எந்த விமானம் தரையை விட்டுக் கிளம்ப எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பதையெல்லாம் மற்றவர்கள் பிள்ளைகளின் ராசி நட்சத்திரம் சொல்வதுபோலச் சொல்வாள். ஜெட் விமானம் போனால் நாமெல்லாம் சத்தம் வந்த இடத்தைப் பார்ப்போம், அங்கே ஒன்றும் இருக்காது, அவள் மட்டும் சத்தத்துக்கு முன்னால், விமானம் நிஜமாகவே இருக்கிற இடத்தைப் பார்ப்பாள். அவள் கல்யாண ஆல்பத்தைப் பாருங்கள், தாலி கட்டுகிற படத்தில் தலை குனியாத ஒரே மணப்பெண் அவள்தான். பந்தலுக்கு மேல் அந்நேரம் ஒரு ஜெட் போயிருக்கிறது. பெண் வாயைத் திறந்து வானத்தைப் பார்க்கிறாள், மாப்பிள்ளை வாயைத் திறந்து பெண்ணைப் பார்க்கிறார்.

இப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த தொழில் என்ன? இருபத்திரண்டு வருசமாக, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, கிளட்சை மெதுவாக விடு, மெதுவாகத் திருப்பு, மெதுவாகப் போ என்று சொல்லிக்கொண்டே, இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊரைச் சுற்றுவது. கரும்புத் தோட்டத்துக்குக் காவலிருக்கிற பல்லில்லாத ஆள் போலத்தான் அவள் நிலைமை.

அவள் கணவர் கோமதிநாயகம் மிட்டாய்க் கடையில் சேவு மாஸ்டர். தங்கமான மனுசர், ஆனால் பஸ் என்று எழுதிக் காட்டினாலே வாந்தி வரும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும், ரோட்டில் லாரி போனால்கூட எடுத்து மோந்துகொள்வார். கல்யாணத்தன்று பெண் மாப்பிள்ளையை ஏற்றிய கார் இரண்டாவது வளைவு திரும்புவதற்குள் பெண்ணின் பட்டுச்சேலை போயிற்று. பெண் காரை நிறுத்தச் சொல்லி, இறங்கி, மாலையும் கழுத்துமாக, பதினோரு கிலோமீட்டர் அவரோடு நடந்து ஊருக்கு வந்து சேர்ந்தாள். வேகத்துக்காக உயிரை விடுகிறவள் மனுசருக்காக நடந்தாள் என்பதை எங்கள் ஊர் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

அன்றோடு சரி. அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும் எங்கேயும் சேர்ந்து போய் இறங்கியதில்லை. சொந்தக்காரர் கல்யாணம் என்றால் அவர் முந்தின நாளே நடக்கத் தொடங்குவார், அவள் மறுநாள் காரில் போய்ச் சேருவாள். ஊரில் பாதிப்பேர் அவள் காரில் உட்கார்ந்திருக்கிறார்கள், உட்கார வேண்டியவர் மட்டும் உட்காரவில்லை. அவள் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான், ஒரே ஒரு தடவை, பக்கத்து சீட்டில். இந்தக் கார் வாங்கியபோது அவர் ஒருவழியாகச் சம்மதித்து, சந்தையில் ஐந்து எலுமிச்சம்பழம் வாங்கிவந்தார். நாலு டயருக்கு, ஒன்று தனக்கு. கார் எழும்பியதைப் பார்த்ததும் பத்தடி பின்னால் போய் மைல்கல்லில் உட்கார்ந்தார், ஐந்தாவது பழத்தை ஒருதரம் ஆழமாக மோந்தார், எழுந்து வீட்டுக்கு நடந்துவிட்டார். வடிவு அவர் போவதை ரியர்வியூ கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் வண்டியைப் பிளேன்காட்டுக்கு எடுத்துப் போனாள்.

பிளேன்காடு என்பது வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில் விமானம் இறக்கப் போட்ட சிமெண்டுத் தளம். இப்போது அங்கே இறங்குவது மிளகாய்தான். மாசி பங்குனியில் ஒரு மைல் நீளத்துக்குச் சிவப்பாகக் காயும். அந்தச் சிவப்பின் மேல் முதல் கியரில் முழங்கால் உயரம், இரண்டாவதில் இடுப்பு, மூன்றாவதில் ஓட்டுக் கூரை, நாலாவதில் தென்னை மரம் என்று கார் ஏறிற்று. அதற்கு மேல் அந்தக் காரில் கியர் கிடையாது. இருபதைத் தாண்டாத வடிவு நாற்பதைத் தாண்டினாள், எண்பதைத் தாண்டினாள், நூற்றிருபதைத் தாண்டினாள், அதற்கப்புறம் முள் சுற்றிவந்து பூஜ்யத்தில் முட்டிக்கொண்டு, இதற்கு மேல் என்னைக் கேட்காதே என்று நின்றுவிட்டது. மிளகாய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள், காருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்ததாகவும் அது ஹாரன் என்று முதலில் நினைத்ததாகவும் பிறகுதான் வடிவு சிரிக்கிறாள் என்று புரிந்ததாகவும் சொன்னார்கள். கீழே ஒரு மிளகாய்கூட நசுங்கவில்லை.

மூன்றாம் நாள் எல்லோரும் பிரயோசனத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். மிளகாய்க்காரர்கள் தினமும் இரண்டு தடவை தாழப் பறக்கச் சொன்னார்கள், அந்தக் காற்றில் மிளகாய் தானே புரண்டு ஒரே சீராகக் காய்ந்தது. முட்டை வியாபாரி தட்டுத் தட்டாக முட்டை ஏற்றினார், டவுன் ரோட்டின் இருநூறு பள்ளத்துக்கும் மேலே போய் ஒரு விரிசல் இல்லாமல் இறங்கிற்று. நிறைமாதக்காரிகள் ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரைத்தான் கேட்டார்கள், குலுக்கல் இல்லை, வயிற்றிலிருக்கிற பிள்ளை தூக்கம்கூடக் கலையாது. பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டாரை அதில் அழைத்துவந்தால் எந்தப் பெண்ணையும் பிடித்துப்போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பி, தரகர்கள் வரிசையில் நின்றார்கள். டிரைவிங் படிக்க வந்தவர்கள்தான் பாவம். வானத்தில் அழகாக எட்டு போட்டார்கள், தரையில் காட்டச் சொன்னால் சைக்கிளைக்கூடத் தள்ளத் தெரியாமல் நின்றார்கள்.

எங்கே போனாலும் காரின் எஞ்சின் அணையாது, முழங்கால் உயரத்தில் உறுமிக்கொண்டே நிற்கும், ஆட்கள் முக்காலி போட்டு ஏறுவார்கள். சாயங்காலம் மாடசாமி கோயில் வாசலுக்கு வந்து, வெயிலுகந்தாள் கூடைகளை எடுத்த பிறகு, அந்த நாலு பழங்களுக்கு நேர் மேலே அடைகோழி மாதிரி வந்து நின்றால்தான் அணையும். பழங்கள் வாடவும் இல்லை, அழுகவும் இல்லை.

கோமதிநாயகம் மட்டும் ஏறவில்லை. தினமும் சேவு பிழிந்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார். கார் கடந்து போகும். பழத்தை மோந்துகொண்டு உள்ளே போவார். கீழே நின்று பார்த்தே தலை சுற்றுகிறது என்பார். வடிவு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனாள், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், ஆனால் கடையைக் கடக்கும்போது மட்டும் அவள் பக்கத்து சீட்டைப் பார்ப்பதை ஏறினவர்கள் அத்தனை பேரும் கவனித்திருக்கிறார்கள்.

பங்குனி பிறந்ததும் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று சான்றிதழ் கொடுக்கிற அதிகாரியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. பெயர் ஞானசிகாமணி. நல்லவர், ஆனால் படிவத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். கார் பறப்பதைப் பற்றி அவருக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை, படிவத்தில் பறக்கக்கூடாது என்று எங்கும் இல்லை. ஆனால் பிரேக் சோதனை என்று ஒன்று இருந்தது. வண்டி ஓட வேண்டும், பிரேக் போட வேண்டும், டயர் தரையில் கோடு இழுக்க வேண்டும், அந்தக் கோட்டை அவர் அளக்க வேண்டும்.

"தரையில படாத டயருக்கு நான் எதம்மா அளக்க?" என்றார். "அடுத்த வெள்ளிக்கிழம மதியம் பன்னெண்டு மணிக்கு வாரேன். அந்தப் பழத்த என் கண்ணு முன்னால நசுக்கி, பூசைய முடிச்சு, நாலு டயரையும் தரையில வையி. இல்லன்னா வண்டிய எடுத்துட்டுப் போயிருவேன்."

ஊர் கூடிப் பேசிற்று. நசுக்கக்கூடாது என்றார் முட்டை வியாபாரி. நசுக்கினால்தான் பூசை முடியும் என்றார் பூசாரி, பிறகு தன் மருமகளுக்கு எட்டாவது மாதம் என்பது நினைவுக்கு வந்து, இன்னும் ஒரு மாதம் தள்ளலாம் என்றார். வடிவு யாரிடமும் வாதாடவில்லை. நசுக்கினாலும் போயிற்று, எடுத்துக்கொண்டு போனாலும் போயிற்று, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வானம் இல்லை. வீட்டுக்குப் போய், கணவருக்குச் சோறு போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் பறந்தது போதும்ங்க. ஆனா நீங்க இல்லாமயே பறந்து முடிச்சிருவேனோன்னுதான் அழுகையா வருது" என்றாள்.

கோமதிநாயகம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"நீ எனக்காக இறங்கி நடந்தவ. நான் உனக்காக ஒருக்க ஏறலன்னா நான் என்ன மனுசன்? வெள்ளிக்கிழம காலையில சாப்பிட மாட்டேன். வெறும் வயித்தோட வாரேன்."

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஊரே கோயில் வாசலில் நின்றது. கோமதிநாயகம் வெளுத்த வேட்டி கட்டி, திருநீறு பூசி, கப்பலில் அயல்தேசம் போகிறவரைப்போல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். ஐந்தாவது பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, முக்காலியில் கால் வைத்து ஏறினார். முன்னேற்பாடாக இரண்டு பாலிதீன் பை கொடுத்தோம்.

காருக்குள் நடந்ததை வடிவு பிற்பாடு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். முதல் கியர் போட்டாளாம். ஒன்றும் இல்லை. இரண்டாவது போட்டாளாம், கல்யாணச் சேலை போனதும் இரண்டாவது வளைவில்தான், அவர் உடம்பு அப்படியே விறைத்ததாம். அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாளாம். ஒன்றும் இல்லை. மூன்றாவது. அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"ரோடு எங்கட்டி?"

"கீழ இருக்குங்க."

அவர் கீழே எட்டிப் பார்த்தார். பிளேன்காடு முழுக்கச் சிவப்பு, தன் கடை தீப்பெட்டி அளவு, கடைச் சிம்னியின் புகை நூல் மாதிரி. மற்றொரு கண்ணையும் திறந்தார். இருபத்து மூன்று வருசம் வேகத்தைப் பழி சொன்னோமே, குற்றம் எல்லாம் ரோட்டின் மேல் அல்லவா இருந்திருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. குலுக்காத வேகம் அவரை ஒன்றும் செய்யவில்லை. பழத்தை மூக்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இங்கே கீழே, பதினொன்றரைக்கே இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. வந்த மனுசருக்கு, அதுவும் அதிகாரிக்கு, குடிக்க ஒன்றும் கொடுக்காமல் நிறுத்திவைப்பது எங்கள் ஊரில் கொலைக்குச் சமானம். வெயிலுகந்தாள் சர்பத் போட வீட்டுக்குள் ஓடினாள். சர்க்கரை இருந்தது, நன்னாரி இருந்தது, பானைத் தண்ணீர் இருந்தது, எலுமிச்சை இல்லை. கடைக்குப் போக நேரமில்லை. எப்படியும் பன்னிரண்டு மணிக்கு நசுங்கப் போகிற பழம்தானே, டயர் நசுக்கினால் மண்ணோடு போகும், நான் நசுக்கினால் நாலு பேர் வயிற்றுக்காவது போகும் என்று நினைத்தாள். சிக்கனக்காரியின் புத்தி அப்படித்தான் போகும், அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கூடைகளைத் தூக்கி, நாலு பழத்தையும் எடுத்துக்கொண்டுபோய், அறுத்துப் பிழிந்தாள்.

அதே விநாடியில் மேலே, நாலுக்கு மேல் கியர் இல்லாத அந்தக் காரில், வடிவின் கைக்குள் ஐந்தாவது கியர் தானாகப் போய் விழுந்தது.

கார் தென்னை உயரத்தை விட்டது, செல்போன் கோபுரத்தை விட்டது, பருந்தை விட்டது. தூத்துக்குடியிலிருந்து கிளம்பிய மதிய விமானம் குறுக்கே வந்தது. வடிவு சின்ன வயதிலிருந்து சத்தத்தில் அடையாளம் கண்ட அதே இரட்டைக் காத்தாடி, இப்போது கைநீட்டுகிற தூரத்தில். ஜன்னல்களில் முகங்கள் வரிசையாகத் திரும்பின. கோமதிநாயகம் மரியாதைக்கு ஒரு கும்பிடு போட்டார். வடிவு ஹாரன் அடித்து, இன்டிகேட்டர் போட்டு, டிரைவிங் ஸ்கூல் முறைப்படி வலது பக்கமாக அந்த விமானத்தை முந்தினாள். முந்தும்போது அவளுக்குக் கண்ணீர் வந்ததாம், துடைக்கக் கை ஒழியவில்லை என்று அவர் வேட்டி நுனியால் துடைத்துவிட்டாராம்.

கீழே சர்பத் எட்டு டம்ளர் வந்தது. இன்ஸ்பெக்டர் இரண்டு குடித்தார், பூசாரி ஒன்று, முட்டை வியாபாரி ஒன்று, பஞ்சர் கடைக்காரர் ஒன்று, நான் ஒன்று, இன்னும் யாரோ ஒருவர், சர்க்கரை சரியா என்று பார்க்க வெயிலுகந்தாள் ஒன்று. குடித்து முடித்து, நல்ல சர்பத் என்று சொல்ல வாயெடுத்த இன்ஸ்பெக்டர், நாற்காலியோடு இருந்த உறவு விட்டுப்போய் நாலு விரற்கடை எழும்பினார். இரண்டு டம்ளர் குடித்தவர் ஆகையால் எட்டு விரற்கடை என்றும் சொல்கிறார்கள். நாங்களும் எழும்பினோம். எப்படி இருந்தது என்று கேட்டால், செருப்பு புதிதாக வாங்கிய அன்றைக்கு இருக்குமே, அப்படி இருந்தது. வேறு விசேசமாக ஒன்றுமில்லை.

இன்ஸ்பெக்டர் தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு படிவத்தை எடுத்து, டயர் தரையில் இழுத்த கோட்டின் நீளம் என்ன என்ற கேள்விக்கு நேரே, "ஊர் வழக்கப்படி உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் கை தட்டினோம், தட்டத் தட்ட மெல்லச் சுற்றினோம்.

அப்போதுதான் கார் திரும்பி வந்தது. கோயில் வாசலுக்கு மேலே வந்து நின்றது, இறங்கவில்லை. இங்கே போயிற்று, அங்கே போயிற்று, முட்டையைக் காணாத கோழி மாதிரி வட்டமடித்தது. வெயிலுகந்தாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "வடிவு, நான் பிழிஞ்சிட்டேன்டி, நாலையும் பிழிஞ்சிட்டேன்" என்று மேலே பார்த்துக் கத்தினாள். அடைகாக்கப் பழம் இல்லை என்றால் கார் இறங்குவது எங்கே, எஞ்சின் அணைவது எப்போது? சுற்றிக்கொண்டிருந்த நாங்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நின்றோம்.

முதலில் நினைவுக்கு வந்தது பஞ்சர் கடைக்காரருக்குத்தான். பழம் ஐந்து அல்லவா என்றார். ஒன்று கோமதிநாயகத்தின் கையில் இருக்கிறது. அதைக் கீழே போட்டால், நசுங்காமல் பிடித்துத் தரையில் வைத்தால், கார் அதன் மேல் வந்து நிற்கும். வெயிலுகந்தாள் வீட்டுக்குள் போய்த் தன் கூறைச்சேலையைக் கொண்டுவந்தாள். ஆளுக்கொரு முனை பிடித்து விரித்துக்கொண்டு, இன்ஸ்பெக்டர் ஒரு முனை, பூசாரி ஒரு முனை, நானும் முட்டை வியாபாரியும் மற்ற முனைகள், கால் தரையில் படாமல் கார் போன பக்கமெல்லாம் ஓடினோம். பழத்தப் போடுங்க என்று ஊர் மொத்தமும் மேலே பார்த்துக் கூப்பிட்டது.

வடிவு எங்களைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். கணவரிடம், இறங்கிவிடலாம், பழத்தைச் சேலைக்குள் போடுங்கள் என்று சொன்னாள். பன்னிரண்டு மணி ஆகிவிட்டது, வெறும் வயிறு வேறு, மனுசரைப் படுத்தியது போதும் என்று அவள் நினைத்தாள். குறிபார்த்துப் போட வசதியாக, இருபத்திரண்டு வருசப் பழக்கத்தில், இதோ மெதுவாகப் போகிறேன் என்றும் சொன்னாள்.

கோமதிநாயகம் கண்ணாடியை இறக்கினார். பழம் பிடித்த கை வெளியே வந்தது, வெயிலில் மஞ்சளாக மின்னிற்று. நாங்கள் சேலையை இழுத்து இறுக்கிப் பிடித்தோம். அவர் எங்களையெல்லாம் ஒருதரம் பார்த்தார், தன் மிட்டாய்க் கடையைப் பார்த்தார், கல்யாணத்தன்று மாலையோடு நடந்துவந்த பதினோரு கிலோமீட்டர் ரோட்டை முழு நீளத்துக்கும் பார்த்தார். பிறகு கையை உள்ளே இழுத்து, பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இரு வடிவு. இன்னொரு சுத்து போவோம்" என்றார். "மெதுவால்லாம் வேண்டாம்."